எந்தப் பைத்தான்?

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு? பகலில் கேட்டால் என் கணினி 5 என்றது. இரவு 2 மணிக்குக் கேட்டால் 15 என்றது.

கதை இதுதான். பொழுதுபோக்காகச் சொற்பட்டியல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். பல இடங்களிலிருந்து அள்ளிய சொற்களில் சில, இடைவெளி விட்டுப்போய் நாலு சொல் ஒட்டிக்கொண்ட நீளத்தில் இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்துத் தனியே ஒதுக்கப் பைத்தான் என்ற நிரல்மொழியில் பத்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் ஓட்டிப் பார்த்தேன், ஒழுங்காக ஓடியது. தினமும் இரவு 2 மணிக்குத் தானாக ஓடட்டும் என்று குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரானில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பட்டியலில் பாதிக்குமேல் காணோம். ‘கத்தரிக்காய்’ கூட ரொம்ப நீளம் என்று வெளியே கிடந்தது. அதே நிரல், அதே கோப்பு, அதே கணினி.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிரலில் தப்பு தேடினேன். கடைசியில், ஒரே ஒரு சொல்லை எண்ணி எழுதும்படி வைத்தபோதுதான் அந்த 15 கண்ணில் பட்டது. எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் யூனிகோட் என்ற பட்டியலில் ஓர் எண் உண்டு. அதைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள். ஐந்து மூன்று பதினைந்து. கோப்பைத் திறந்து படித்தால் பைட்டுகளாகவே கையில் கொடுப்பது பைத்தான் 2. எழுத்துக் குறிகளாக மாற்றிக் கொடுப்பது பைத்தான் 3. (ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று எழுத்து என்று சொல்லும். அங்கே கடைசியில் வருகிறேன்.)

ஆக, பகலில் ஓடியது ஒரு பைத்தான், இரவில் ஓடியது வேறொன்று. கணினியில் இரண்டு இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. என் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 18.04 தன்னோடு பைத்தான் 3.6 கொண்டுவந்தது, ஏதோ ஒரு பழைய பேக்கேஜ் (நிரல் பொதி) 2.7ஐயும் இழுத்துக்கொண்டு வந்திருந்தது. ‘பைத்தான்’ என்று தட்டினால் 3 வரவேண்டும் என்று பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் ஓர் ஏலியாஸ், அதாவது மாற்றுப்பெயர், வைத்திருந்தேன். வைத்ததையே மறந்துவிட்டேன். டெர்மினலில் நான் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டுவது ஷெல். அந்தக் கோப்பை அது படிக்கும், கிரான் படிக்காது. கிரானுக்குத் தெரிந்தவை யூஎஸ்ஆர்-பின், பின் என்ற இரண்டே ஃபோல்டர்கள். அங்கே ‘பைத்தான்’ என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது 2.7.

எங்கள் குடும்பத்தில் தாத்தா பெயர் வைத்த பேரன்கள் மூன்று பேர். பாட்டி இருந்தவரை அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை; ஒருவன் பெரியவன், ஒருவன் குட்டி, ஒருவன் மதுரைக்காரன். வீட்டுக்குள் இது போதும். ஆனால் தபால்காரர் வந்து உறையில் உள்ள பெயரைச் சத்தமாகப் படிப்பார். வாசலுக்கு அருகில் எவன் நிற்கிறானோ அவன் வாங்கிக்கொள்வான். ஏலியாஸ் என்பது வீட்டுக்குள் கூப்பிடும் பெயர். கிரான் தபால்காரர்.

ஷெல்லுக்கு ‘பைத்தான்’ என்றொரு பொருளைத் தெரியவே தெரியாது. பாத் என்ற மாறியில் முக்காற்புள்ளி போட்டுப் பிரித்த ஃபோல்டர் வரிசை ஒன்று இருக்கும். 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த சூழல் மாறிகளில் ஒன்று அது. தட்டிய பெயரில் ஓடக்கூடிய கோப்பு எந்த ஃபோல்டரில் முதலில் கிடைக்கிறதோ அதோடு தேடல் முடிந்தது. பின்னால் இன்னும் ஆறு பேர் அதே பெயரில் நின்றாலும் கவலையில்லை. ஏலியாஸ் இருந்தால் இந்தத் தேடலுக்கே போகாமல் அது முந்திக்கொள்ளும்.

பின்னால் நிற்பவர்கள் எல்லாரையும் வரிசையாகப் பார்க்க நான் நம்புவது ‘டைப்’ கட்டளையை. அதற்கு ‘-ஏ’ சேர்த்துப் பைத்தான்3 என்று கொடுத்தால் ஏலியாஸ் முதல் கடைசி ஃபோல்டர்வரை உள்ள எல்லாவற்றையும், ஷெல் தேடும் அதே வரிசையில் சொல்லும். (கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.) பெரும்பாலானோர் ‘விச்’ பயன்படுத்துகிறார்கள். உபுண்டுவில் அது தனி நிரல். உங்கள் ஷெல்லுக்குள் இருக்கும் ஏலியாஸ் அதற்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் ‘விச்’சைத்தான் கேட்டேன். அது நேர்மையாக 2.7 இருக்கும் இடத்தைக் காட்டியது. பக்கத்திலேயே ‘பைத்தான்’ என்று தட்டினால் 3.6 திறந்தது. பேய் பிடித்த மாதிரி இருந்தது.

இதே சாதியில் இன்னொரு பேயும் உண்டு. ஒருமுறை தேடிக் கண்டுபிடித்த நிரலின் இடத்தை என் ஷெல்லான பாஷ் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் தேடி அலையக் கூடாதே என்று. அந்தப் பிரதியை நீங்கள் அழித்துவிட்டு, வேறிடத்தில் புதிதாகப் போட்டாலும், பழைய இடத்துக்கே போய் நின்று ‘அப்படியொரு கோப்பு இல்லை’ என்று சொல்லும். ‘விச்’ புது இடத்தைக் காட்டும், ‘டைப்’ மட்டும் ‘ஹேஷ் ஆகியிருக்கிறது’ என்று ரகசியத்தை உடைக்கும். ‘ஹேஷ் -ஆர்’ என்று தட்டினால் மறந்துவிடும். டெர்மினலை மூடித் திறந்தாலும் சரியாகும். பலர் காரணம் தெரியாமலேயே அப்படிச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள்.

பைத்தானுக்கு மட்டும் ஏன் இத்தனை குழப்பம் என்றால், அந்தப் பெயருக்கு நடந்த பாகப்பிரிவினை அப்படி. 3.0 வெளிவந்தது 2008 டிசம்பர் 3. பழைய நிரல்கள் அதில் அப்படியே ஓடாது என்று தெரிந்தே செய்த மாற்றம் அது. 2010இல் 2.7 வந்தது, அதற்கு முடிவுநாள் 2020 ஜனவரி 1. கிட்டத்தட்ட பதினோரு வருடம் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருந்தன. வெறும் ‘பைத்தான்’ என்றால் யார்? 2010இலேயே ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் அந்தப் பெயரை 3க்கு எழுதிக் கொடுத்துவிட்டது. மற்றவர்கள் அதை 2க்கே வைத்திருந்தார்கள். பஞ்சாயத்து ‘பெப் 394’ என்ற பைத்தான் பரிந்துரை ஆவணத்தில் போய் நின்றது; பைத்தான்2, பைத்தான்3 என்று எண்ணோடு கூப்பிடுங்கள் என்பதுதான் அதன் சாரம். உபுண்டு 20.04 வந்தபோது வெறும் ‘பைத்தான்’ என்ற பெயரே இயல்பாக இல்லாமல் போனது. வேண்டுமென்றால் ஒரு பேக்கேஜ் போட்டுக்கொள்ளலாம். அதன் பெயரே ‘பைத்தான்-ஈஸ்-பைத்தான்3’. பத்திரப்பதிவு மாதிரி ஒரு பெயர். ஆப்பிள் 2022இல், மேக்ஓஎஸ் 12.3இல், 2.7ஐ அகற்றியது.

சரி, கிரானில் பைத்தான்3க்கு முழு முகவரி கொடுத்ததும் இரவில் வந்த 15உம் பகலைப் போலவே 5 ஆனது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

2019 அக்டோபரில் பைத்தான் 3.8 வந்திருந்தது. அதில் ‘வால்ரஸ்’ என்று ஒரு குறி. முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்தது, படுக்க வைத்துப் பார்த்தால் வால்ரஸ் என்ற கடல் விலங்கின் கண்ணும் தந்தமும் போல இருக்குமாம். இந்தக் குறி வேண்டுமா வேண்டாமா என்று நடந்த சண்டையில் அலுத்துப்போய்த்தான் 2018 ஜூலையில் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். நண்பர் அனுப்பிய நிரலில் அந்தக் குறி இருந்தது. என் 3.6 அதைப் பார்த்ததும் இலக்கணப் பிழை என்றது. 3.8ஐ இன்ஸ்டால் செய்தேன். அதுவரை தவறில்லை. ‘பைத்தான்3.8’ என்று தட்டினால் அது, ‘பைத்தான்3’ என்று தட்டினால் 3.6. எனக்கு அது பொறுக்கவில்லை. ‘பைத்தான்3’ என்றாலே புதியது வரவேண்டும்.

அதற்கு எங்கோ படித்த வழி, ‘அப்டேட்-அல்டர்னேடிவ்ஸ்’. உபுண்டு பிறந்த வீடான டெபியன் லினக்ஸ் குடும்பத்தின் பழைய ஏற்பாடு அது. ஒரே வேலையைச் செய்யும் பல நிரல்கள் இருந்தால், பொதுப் பெயரை, இன்னொரு கோப்பைக் காட்டும் ஒரு சிம்லிங்க்காக வைத்து, அது யாரைக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வைக்கும். கைகாட்டி மரத்தைத் திருப்பி வைப்பது மாதிரி. 3.6, 3.8 இரண்டையும் அதில் பதிந்து, 3.8க்கு அதிக முன்னுரிமை எண் கொடுத்தேன். பைத்தான்3 என்று தட்டினேன், 3.8 வந்தது. ஒரே பெருமை.

மறுநாள் காலை டெர்மினல் திறக்கவில்லை. ஐகானை அழுத்தினால் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஒன்றுமே நடக்காது. உடைந்ததைச் சரிசெய்ய வேண்டிய இடமே உடைந்த இடமாக இருந்தது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரைகலை இல்லாத கறுப்புத் திரைக்குப் போனேன். அங்கே, டெர்மினல் நிரலின் பெயரான க்னோம்-டெர்மினல் என்று தட்டிப் பிழையைப் படித்தபோதுதான் புரிந்தது: உபுண்டு 18.04இல் அந்தக் கட்டளையே ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். அதன் முதல் வரி யூஎஸ்ஆர்-பின்னில் உள்ள பைத்தான்3ஐக் கூப்பிடுகிறது. அது தேடும் ‘ஜிஐ’ லைப்ரரியின் தொகுக்கப்பட்ட (இயந்திரமொழிக்கு மாற்றிய) கோப்பு, பெயரிலேயே ‘சிபைத்தான்-36எம்’ என்று முத்திரை குத்தியது, 3.6க்கு மட்டுமே பொருந்தும். நான் கைகாட்டியைத் திருப்பிவிட்டதால் அங்கே வந்து நின்றது 3.8. அதற்குத் தன் அளவில் தைத்த கோப்பு இல்லை. பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘ஆப்ட் அப்டேட்’ ஓட்டினால் ‘ஆப்ட்_பிகேஜி என்ற மாட்யூல் இல்லை’ என்று அதுவும் அழுதது.

நல்லவேளை, அப்டேட்-அல்டர்னேடிவ்ஸ் சி மொழியில் எழுதப்பட்டது. அதையும் பைத்தானில் எழுதியிருந்தால் அன்று பென்டிரைவ் தேடியிருப்பேன். 3.6ஐத் தேர்ந்தெடுத்தேன், டெர்மினல் வந்தது. அத்தோடாவது நிறுத்தினேனா? பதிவே வேண்டாம் என்று ‘ரிமூவ்-ஆல்’ கொடுத்தேன். அது பைத்தான்3 என்ற சிம்லிங்க்கையே எடுத்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி கறுப்புத் திரை, சிம்லிங்க் உருவாக்கும் ‘எல்என் -எஸ்’ போட்டுக் கையால் ஒட்டினேன்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பெயர் என்னுடையதே இல்லை. யூஎஸ்ஆர்-பின்னில் உள்ள பைத்தான்3 இயங்குதளம் தன் வேலைக்காக வைத்திருப்பது. கோவில் பாத்திரத்தில் வீட்டுக்குச் சமைப்பதுபோல இத்தனை நாள் அதில் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதோடு விடாமல், பாத்திரம் சின்னதாக இருக்கிறதென்று மாற்றியும் வைத்துவிட்டேன். டெபியனும் உபுண்டுவும் பைத்தான்3ஐ இந்த அல்டர்னேடிவ்ஸ் ஏற்பாட்டில் சேர்த்ததே இல்லை. நான்தான் வலியப்போய்ச் சேர்த்தேன்.

ஜாவா என்ற நிரல்மொழி அப்படி இல்லை. அதை நம்பி இயங்குதளம் எதுவும் நடப்பதில்லை, அதனால் அங்கே கைகாட்டியைத் திருப்புவது முறைதான். ‘அப்டேட்-அல்டர்னேடிவ்ஸ் --கான்ஃபிக் ஜாவா’ என்றால் பட்டியல் வரும், எண்ணைத் தட்டினால் முடிந்தது. ஓப்பன்ஜேடிகே என்ற ஜாவா பொதியின் 11ஆம் பதிப்புக்கு முன்னுரிமை 1111, 8க்கு 1081. தானியங்கி நிலையில் பெரிய எண்தான் ஜெயிக்கும். நீங்களே ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு புதியது வந்தாலும் உங்கள் தேர்வு நிற்கும். ஒரு சிக்கல்: ‘ஜாவா’ வேறு, ‘ஜாவாசி’ வேறு. ஓட்டுவதை 8க்குத் திருப்பிவிட்டு, தொகுப்பதை 11இலேயே விட்டால், நீங்களே இப்போதுதான் தொகுத்த நிரலை உங்கள் ஜாவாவே மறுக்கும்: இது 55, எனக்கு 52வரைதான் தெரியும் என்று. 55 என்பது 11இன் கிளாஸ் கோப்பு எண், 52 என்பது 8இன் எண். இரண்டையும் சேர்த்துத் திருப்ப ‘அப்டேட்-ஜாவா-அல்டர்னேடிவ்ஸ்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது.

பைத்தானின் பல பதிப்புகளை வைத்துக்கொள்ள எல்லாரும் கைகாட்டுவது ‘பைஎன்வ்’. அதன் தந்திரம் எனக்குப் பிடித்திருந்தது. வாசலில் ஒரு தரகரை உட்கார வைக்கிறது. ஹோம் ஃபோல்டருக்குள் ‘ஷிம்ஸ்’ என்று ஒரு ஃபோல்டரைப் பாத் வரிசையில் முதலில் வைத்துவிடும். பைத்தான், லைப்ரரிகளை இறக்கிப் போடும் பிப் என்று யாரைக் கூப்பிட்டாலும் முதலில் எழுந்து வருவது இந்தத் தரகர்தான். ‘பைஎன்வ்_வெர்ஷன்’ மாறி இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் ‘.பைத்தான்-வெர்ஷன்’ என்ற கோப்பைத் தேடுவார், அங்கேயும் இல்லையென்றால் மேல் ஃபோல்டர்களில் ஏறிப்போய்ப் பார்ப்பார். எங்கும் இல்லையென்றால் பொதுவாக வைத்த பதிப்பு. ஃபோல்டர் மாறினால் பதிப்பும் தானாக மாறும். இயங்குதளத்தின் பைத்தானை விரலால்கூடத் தொடாது. ரூபி மொழிக்காரர்களின் ‘ஆர்பிஎன்வ்’விலிருந்து பிறந்தது இது.

ஆனால் ஒவ்வொரு பதிப்பையும் உங்கள் கணினியிலேயே தொகுக்கும். என் பழைய கணினியில் காபி போட்டுக் குடித்துவிட்டு வரும் நேரம் ஆனது. முதல் தடவை, பாதுகாப்பான இணைய இணைப்புக்கு வேண்டிய ஓப்பன்எஸ்எஸ்எல் தலைப்புக் கோப்புகளைப் போட மறந்துவிட்டேன். நன்றாகவே தொகுத்துக்கொண்டு போய், கடைசியில் எஸ்எஸ்எல் இல்லை என்று பிழை சொல்லி நின்றது. அவற்றைப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொகுக்க வேண்டியிருந்தது. இன்னொன்று, தரகர் வாசலில் இருந்தால்தானே தரகு? கிரானின் பாத் வரிசையில் அவர் இல்லை. பகலில் ஒன்று இரவில் ஒன்று என்ற பழைய கதைக்குத் திரும்ப இது ராஜபாட்டை.

ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடு பக்கம் இருப்பவர்களின் ‘என்விஎம்’ தரகர் வைப்பதில்லை. அது நிரலே இல்லை, ஷெல்லுக்குள் ஏறி உட்காரும் ஒரு ஃபங்ஷன். பதிப்பை மாற்றச் சொன்னால் அந்த டெர்மினலின் பாத் வரிசையையே மாற்றி எழுதும். அதனால்தான் ‘விச் என்விஎம்’ என்று கேட்டால் எதுவும் வராது. இரண்டு டெர்மினலில் இரண்டு பதிப்பு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறை டெர்மினல் திறக்கும்போதும் ஒரு கணம் யோசிக்கும் பாருங்கள், அந்த எரிச்சல் தனி.

விண்டோஸ்காரர்களைப் பார்த்து நான் பொறாமைப்படும் ஒரே விஷயம் ‘பை’ என்ற குட்டி லாஞ்சர். 3.3இலிருந்து கூடவே வருகிறது. ‘பை -0’ என்றால் இருப்பதையெல்லாம் பட்டியலிடும்; ‘பை -3.8’ என்றால் அது. எண்ணைச் சொல்லிக் கூப்பிடு, வருவான், அவ்வளவுதான். (பைத்தான் போடாத விண்டோஸில் ‘பைத்தான்’ என்று தட்டினால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறந்து அங்கே எடுத்துக்கொள்ளச் சொல்லும். அது வேறு கதை.)

இத்தனை சுற்றியபின் நான் வந்து நின்றது ரொம்பச் சாதாரணமான இடத்தில். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ‘வென்வ்’. ‘பைத்தான்3.8 -எம் வென்வ்’ என்று சொல்லி ஒரு ஃபோல்டர் பெயர் கொடுத்தால், அதற்குள் ஒரு பைத்தான், தனி லைப்ரரிகள். உள்ளே இருப்பது முழுப் பிரதிகூட இல்லை. லினக்ஸில் அது தாய்ப் பைத்தானைக் காட்டும் சிம்லிங்க், கூடவே தாய்வீடு எது என்று எழுதிய ‘பைவென்வ்.சிஎஃப்ஜி’ என்ற சின்னக் கோப்பு. தாயை அழித்தால் பிள்ளையும் படுத்துவிடும். உபுண்டுவைப் புதுப்பித்த மறுநாள் வென்வ் எல்லாம் செத்துக் கிடப்பது அதனால்தான். அழுது பயனில்லை, அழித்துவிட்டு மறுபடி உருவாக்க வேண்டியதுதான். லைப்ரரிப் பட்டியலை ஒரு கோப்பில் வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

பலருக்குத் தெரியாத ஒன்று: ‘ஆக்டிவேட்’ செய்துதான் ஆகவேண்டும் என்றில்லை. ஆக்டிவேட் முக்கியமாகச் செய்வது பாத் வரிசையில் அந்த ஃபோல்டரை முன்னால் நகர்த்துவதுதான். வென்வுக்குள் இருக்கும் பைத்தானை முழு முகவரியோடு கூப்பிட்டாலே போதும், தன் வீடு எது என்று அதற்குத் தெரியும். கிரானுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை. பிப்பையும் தனியாகக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். எந்தப் பைத்தானுக்கு வேண்டுமோ அதைக் கூப்பிட்டு, ‘-எம் பிப்’ என்று பின்னால் சேர்க்கிறேன். பிப் ஒரு வீட்டிலும் பைத்தான் இன்னொரு வீட்டிலும் இருந்து, இன்ஸ்டால் செய்த லைப்ரரி ‘இல்லை’ என்று வரும் தலைவலி அத்தோடு போனது.

2023இல் டெபியன் 12 வந்தபோது, இயங்குதளத்தின் பைத்தானுக்குள் பிப் எதையும் போட விடாமல் கதவைச் சாத்திவிட்டார்கள். ‘பெப் 668’ என்று அதற்கு ஆவணம். வென்வ் செய்துகொள் என்று பிழைச் செய்தியே வழி சொல்லும். முடியாது, அங்கேதான் போடுவேன் என்பவர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தட்ட வேண்டியது ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’. ‘உடைக்கிறேன்’ என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உடைக்க முடியும். இந்தத் துறையில் நான் பார்த்த பெயர்களிலேயே நேர்மையான பெயர் அது. நான் டெர்மினலை உடைத்த காலத்தில் இது இருந்திருந்தாலும் படிக்காமல் தட்டியிருப்பேன் என்பது வேறு.

போன மாதம் பழைய கணினியைச் சுத்தம் செய்தேன். இயங்குதளத்துடையது ஒன்று, பைஎன்வ் தொகுத்தவை நான்கு, என்றோ போட்டு மறந்த கோண்டா (தனியாக வரும் ஒரு பைத்தான் பொதி) ஒன்று, யூஎஸ்ஆர்-லோக்கலில் யார் வைத்தார்களென்றே தெரியாத 3.7 ஒன்று. (நான்தான், அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.) ஒவ்வொன்றிலும் ‘டியூ -எஸ்ஹெச்’ போட்டு எவ்வளவு இடம் என்று பார்த்தேன். அழிக்குமுன் பாஷ்ஆர்சி, கிரான்டேப், ஸ்கிரிப்ட்களின் முதல் வரி மூன்றிலும் அந்த முகவரியைக் ‘கிரெப்’ கட்டளையால் தேடினேன். 3.7ஐ ஒரு பழைய ஸ்கிரிப்ட் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதை மாற்றிவிட்டு அழித்தேன். பைஎன்வில் இரண்டு போயின. 2.7 முன்பே போய்விட்டிருந்தது, ஆனால் பாஷ்ஆர்சியில் அந்த ஏலியாஸ் இன்னும் இருந்தது, அதையும் எடுத்தேன். ஒரு வாரம்வரை விரல் பழக்கத்தில் வெறும் ‘பைத்தான்’ என்று தட்டி, ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சொற்பட்டியலுக்கும் ஒரு வென்வ் ஆயிற்று. அதற்குள் ‘ஓப்பன்-தமிழ்’ லைப்ரரியைப் போட்டேன். யூனிகோட் குறிகளை எண்ணாமல், உயிர்மெய்யை ஒரே எழுத்தாகச் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கும் ‘கெட்_லெட்டர்ஸ்’ அதில் இருக்கிறது. ‘ரொம்ப நீளம்’ என்பதற்கு வைத்திருந்த எல்லையைக் குறைக்க வேண்டியிருந்தது. கிரானில் அந்த வென்வின் பைத்தானுக்கு முழு முகவரி. நேற்று இரவு 2 மணிப் பதிவில் கத்தரிக்காய் உள்ளே இருக்கிறது. தமிழ்: 3.